ஜெய்னுலாபுதீன் சொன்ன இடம்

"உங்க தாத்தாவுக்கு எந்தத் தெரும்மா?"

கோவிந்தராசு இப்படிக் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த கனிமொழி தயங்கவில்லை. "தெருவெல்லாம் இல்லீங்க ஐயா. நன்னிலம் பக்கம் காலனி. தாத்தா பண்ணையில வேலை பாத்தவரு" என்றாள்.

பக்கத்தில் இருந்த பிரகதாம்பாள் கணவரின் முழங்கையை லேசாக இடித்தாள். வலங்கைமானில் பஸ் ஏறும்போதே சொல்லியிருந்தாள், இது ஜெய்னுலாபுதீன் பாய் சொன்ன நல்ல இடம், போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும் என்று. இதற்கு முன் பார்த்த மூன்று இடங்களும் இவர் கேள்விகளால்தான் தட்டிப்போயிருந்தன. கும்பகோணத்தில் பூர்வீகத்தைத் துருவப்போய், அவர்கள் எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டார்கள்.

கோவிந்தராசு விடுவதாக இல்லை. விசாரிக்காமல் எந்த வீட்டிலும் கால் வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. சலவை வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்பா என்ன செய்தார் என்று கேட்டார். பஸ் கண்டக்டராக இருந்தார், போன வருடம் தவறிவிட்டார் என்றாள் கனிமொழி. படிப்பைக் கேட்டார். எம்.பி.பி.எஸ். தஞ்சாவூரில், மேல்படிப்பு சென்னையில். இப்போது சொந்தமாக ஸ்கேன் சென்டர். இந்த மாடி வீடும் அவள் கட்டியதுதான்.

கோவிந்தராசு தலையை உயர்த்தி ஒருமுறை சுற்றிப் பார்த்தார். உடனே தன் பக்கத்துப் பெருமையை ஆரம்பித்தார். அவர் தாத்தாவுக்குப் பன்னிரண்டு வேலி நிலம். அறுப்பு நாளில் களத்தில் நூறு ஆள் கைகட்டி நிற்கும்.

"இப்ப எவ்வளவுங்க இருக்கு?" கனிமொழியின் அம்மா அம்சம் காபியை நீட்டியபடி கேட்டாள்.

காபி பிரமாதம் என்றார் கோவிந்தராசு. இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

"ஒரு பையன் இருக்காருன்னு பாய் சொன்னாரு" என்றாள் கனிமொழி.

அவர் நிமிர்ந்தார். பிரபு, இன்ஜினியர், துபாயில் இருக்கிறான் என்றார். அவன் ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது என்பதைத் தலையைக் குனிந்தபடி பிரகதாம்பாள்தான் சொன்னாள்.

பேச்சு திசை மாறுவது பிடிக்காமல் கோவிந்தராசு சமையலுக்குப் போனார். இந்த வீட்டில் என்னென்ன சமைப்பீர்கள் என்று விசாரித்தார். எல்லாம்தான், ஞாயிற்றுக்கிழமையானால் மாட்டுக்கறி உண்டு என்று அம்சம் சாதாரணமாகச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீனோடு சரி, இவள் மாட்டுக்கறியைக் கையால் தொடமாட்டாள் என்றார்.

"நான் தொடுவேங்க" என்றாள் பிரகதாம்பாள்.

கோவிந்தராசு திரும்பி அவளை முறைத்தார். முப்பத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அது கெஞ்சலா கோபமா என்று அவருக்குப் புரியவில்லை. நான்காவது இடமும் தட்டிப்போனால் இனி எங்கேயும் அவள் கூட வரமாட்டாள் என்பது மட்டும் புரிந்தது.

அவர் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். ஏதோ பெரிய தானம் கொடுக்கப்போகிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

"காலம் மாறிப்போச்சும்மா. நாங்க இப்பல்லாம் சாதி கீதின்னு பாக்கறதில்ல. எங்களுக்குச் சம்மதம்."

கனிமொழி அம்மாவைப் பார்த்தாள். அம்சம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

"எங்களுக்கும் சம்மதங்க ஐயா" என்று எழுந்தாள் கனிமொழி. "ஒண்ணாந்தேதி வந்துடுங்க. உங்க வீட்டம்மா சமையலைப் பாத்துக்கட்டும். உங்களுக்கு வாட்ச்மேன் யூனிஃபார்ம் தைக்கக் குடுக்கணும், சட்டை அளவை மட்டும் சொல்லிட்டுப் போங்க."