எல்லாருக்கும் ஒரு போன்

"காலையில எல்லாம் பச்சையா இருந்துச்சு. நீ தொட்டே, பதினோரு டெஸ்டு சிவப்பாயிடுச்சு. இன்னா பண்ணே எப்சிபா?"

டீம் லீடர் சிவகுமார் குரலை உயர்த்தியதும், பொன்னேரியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் எல்லாத் தலையும் திரும்பியது. ஐந்து மணிக்கு வேலையை ஒப்படைக்க வேண்டும். இப்போதே மூன்றரை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்று பக்கத்து மேசை அம்பிகா முணுமுணுத்தாள். சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாத பெண்ணுக்கு இது தேவையா?

"நான் எதையும் கெடுக்கலை சார். செட்டப்பைத்தான் மாத்தினேன்."

ஏரியில் காற்று வலுத்தாலோ ஆற்றில் வெள்ளம் வந்தாலோ சுற்றுப்பட்டு ஊர்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிற ஆப் அது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தொண்ணூறு டெஸ்டுகள்; தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னால், செட்டப் என்று பொதுவாக நாலு வரி ஓடும். அது ஒரு கற்பனை ஆளை உண்டாக்கி, அவர் கையில் ஒரு போனையும் கொடுத்துவிடும். பிறகுதான் சோதனை.

"எல்லா டெஸ்டுக்கும் அது ஓட வேணாம் சார். தேவைப்படுறதுக்கு மட்டும் ஓடுற மாதிரி வெச்சேன்."

"யாரு கேட்டாங்க உன்னை?"

"போன் இல்லாத வீட்டுக்குன்னு பதினோரு டெஸ்டு கீது சார். அந்த வீட்டு ஆள் பேரை ஆப் ஊர்ல ஒருத்தருக்கு அனுப்பி, நேர்ல போய்ச் சொல்ல வைக்கணும். ஆனா அதுக்கும் செட்டப்பே ஒரு போனைக் குடுத்துடுது. மெசேஜ் போயிடுச்சுன்னு பச்சை காட்டுது. போனை எடுத்துட்டுப் பார்த்தா, ஆப் யாருக்கும் ஒண்ணும் சொல்லவே இல்ல."

சிவகுமாருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் கோபம் கூடியது.

"இந்தக் காலத்துல போன் இல்லாதவங்க யாரும்மா கீறாங்க? பிச்சை எடுக்கிறவன்கூட ஸ்கேன் பண்ணச் சொல்றான்."

"எங்க அம்மாகிட்ட இல்ல சார். எங்க ஊரு தோணிரேவுல, ஏரியில கையால தடவி இறால் பிடிக்கிற பொம்பளைங்க முக்காவாசி பேருகிட்ட இல்ல. கழுத்தளவு தண்ணியில, கூடையை வாயில கவ்விக்கினு நிப்பாங்க. போன் இருந்தாலும் எங்க சார் வெப்பாங்க?"

சிரிக்க வாய் திறந்த யாரோ அடக்கிக்கொண்டார்கள்.

"சரி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம். இப்போ பழைய மாதிரி வை."

"அடுத்த மாசம் புயல் மாசம் சார்."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

எப்சிபாவுக்கு அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. தண்ணீரில் ஊறி ஊறி அம்மாவின் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. இந்தச் சம்பளம் வந்த பிறகுதான் வாரத்தில் இரண்டு நாளாவது அவள் ஏரியில் இறங்காமல் இருக்கிறாள். எப்சிபா தன் கையாலேயே பழைய வரியை மறுபடி எழுதினாள்.

தொண்ணூறும் பச்சை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சிவகுமார் மெயில் அனுப்பினார். கைதட்டினார்கள். சமோசா வந்தது. எப்சிபா அதைத் தொடவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள்.

கீழ்ப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு சிவகுமார் நின்றிருந்தார். காட்டூரில் இருக்கும் அண்ணனிடம் போனில் பேச்சு.

"நாளையிலேருந்து வெள்ளம் வந்தா மெசேஜ் வரும்னு சொல்லுவாங்கண்ணா. அத்த நம்பிக்கினு இருந்துடாதே. அம்மாகிட்டதான் போன் இல்லையே, அவங்களுக்கு ஒண்ணும் வராது. மழை வலுத்தா நீயே கழனிக்குப் போய் இட்டாந்துடு. இன்னா, புரியுதா?"

எப்சிபாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சே, இவனெல்லாம் ஒரு மனுஷனா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று ஒரு படி இறங்கினாள்.

அதற்குள் அவள் போனில் பக்கத்து வீட்டு சோபியா எடுத்துவிட்டாள். "சொல்லு எப்சி, இன்னா இந்நேரத்துல?"

எப்சிபா இறங்கிய படியை மறுபடி ஏறி, சுவர் ஓரமாக ஒதுங்கினாள்.

"அக்கா, காத்து வலுத்தா எங்க அம்மாவை மட்டும் போய்க் கரைக்குக் கூப்ட்டுடுங்க்கா. அந்த மெசேஜை நம்பாதீங்க... அய்யோ, மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க்கா, என் வேலை போயிடும்."