மாப்பிள்ளையின் ஓட்டை வலை

"இது வலையா, ஜன்னலா? என் கையே நுழையுது!"

மருமகன் பின்னிய வலையை எல்லார் முன்னாலும் உதறிக் காட்டினார் படகுக்காரர். ஆட்கள் சிரித்தார்கள்.

"வலைக்கண்ணு சின்னதா இருந்தா பெரிய மீன் முட்டிட்டுத் திரும்பிடும் மாமா. குஞ்சுதான் மாட்டும்."

"எனக்கே பாடமா? டேய், என் பழைய வலையை ஏத்துங்கடா! வீட்டோட மாப்பிள்ளை வீட்டுலயே கிடக்கட்டும்."

அவர் போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். வலையைத் தொடுவது கூலியாட்கள் வேலை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதுகூட அவர் கௌரவத்துக்குக் குறைச்சல்.

சாயங்காலம் கூடை கூடையாகப் பெரிய மீன்கள் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கின. ஒன்றை எடுத்து மருமகன் காலடியில் வீசினார்.

"பாத்தீங்களா மாப்ளே? இதுக்குப் பேருதான் வலை! எங்க உங்க ஓட்டை வலை? இப்பவே அடுப்புல வைக்கறேன்."

ஆட்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். மகள்தான் வாசலுக்கு வந்தாள்.

"அதைத்தானேப்பா இன்னிக்குக் கடலுக்குக் கொண்டுபோனீங்க. ஆளுங்ககிட்ட ஏத்தச் சொன்னதே நான்தான்."

"அப்போ... என் வலை?"

"கோழிக் கூண்டுக்குக் கட்டிட்டேன். ஒரு குஞ்சுகூட தப்பலப்பா. அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!"