சுத்தமான பெட்ரோல்

“உங்க பங்க்ல போட்ட கலப்பட பெட்ரோல்தான் என் வண்டியோட இன்ஜினைக் காலி பண்ணிச்சு!”

மூன்று வருஷமாக இதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் டாக்ஸிக்காரர். பங்க் எங்கள் குடும்பப் பெயரில் ஓடுகிறது, பார்த்துக்கொள்வது தம்பி. ஒவ்வொரு லோடிலும் ஒரு பாட்டில் எடுத்து என் அலமாரியில் வைப்பது வழக்கம்.

“அன்னிக்கு வித்த பெட்ரோல் பத்திரமா இருக்கு. வாய்யா, சோதிச்சே பார்த்துடலாம்” என்றேன்.

தம்பிதான் பாட்டிலை எடுத்துத் துடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தான்.

சோதனை முடிந்து ஆய்வாளர் அம்மா வெளியே வந்தார்.

“துளி கலப்படம்கூட இல்ல.”

“காதுல விழுந்துச்சாய்யா? எங்க பரம்பரையிலேயே அந்தப் பொழைப்பு கிடையாது. மன்னிப்பு கேளு!”

மீசையை முறுக்கினேன். டாக்ஸிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இருங்க பெரியவரே” என்றார் அந்த அம்மா. “மூணு வருஷம் கிடந்த பெட்ரோல் நிறம் மாறியிருக்கும், பிசின் கட்டியிருக்கும், நெடியே வேற மாதிரி இருக்கும். இது இந்த வாரம் பிடிச்சது.”

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன்.

“நீங்க யார் முன்னாடியும் தலை குனியக் கூடாதுன்னுதான்ணே மாத்தி வச்சேன்...”

அந்த அறையில் இப்போது தலை நிமிர்ந்து நின்றவர் டாக்ஸிக்காரர்தான்.