வாயசைவு

பேனா நின்றுவிட்டது.

அவன் காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி கீறும் என்று நினைத்தான். கீறவில்லை.

பார்வை இல்லாதவனுக்குப் பரீட்சை என்பது இரண்டு ஓசைகள். தன் குரல். அதன் பின்னாலேயே ஓடிவரும் கனியின் பேனா.

ஆறுமுகக்கனி அவன் தங்கை. அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறவள். முதல் பருவத்திலிருந்து இந்தக் கடைசிப் பரீட்சை வரைக்கும், அவனுடைய பி.ஏ. சமூகவியல் விடைத்தாள் எல்லாமே அவள் கையெழுத்து.

பேனா நின்றால் என்ன பொருள் என்பது இருவருக்கும் தெரியும். மூன்றாமவர் யாருக்கும் தெரியாது. அவன் தப்பாகச் சொன்னால் அவள் எழுதமாட்டாள். அவ்வளவுதான். அவன் யோசித்துத் திருத்திச் சொல்வான். பேனா ஓடும்.

ஆக, எங்கோ தப்பு.

வினாவை மனதுக்குள் மறுபடி ஓட்டினான். உயர்கல்வியில் சம வாய்ப்புக்குத் தடையாக இருப்பவை யாவை? விளக்குக.

சாதி சொல்லியாயிற்று. வறுமை சொல்லியாயிற்று. பஸ் வராத ஊர்களைச் சொன்னான். உடற்குறை பற்றிச் சொல்லும்போது, தன் கதையை யாரோ ஒருவன் கதைபோலச் சொன்னான். எல்லாவற்றுக்கும் பேனா ஓடியது.

பிறகுதான் இந்த வரி. திருமணம், வீட்டு வேலை ஆகிய காரணங்களால் பெண்களின் படிப்பு நின்றுபோகிறது.

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. கனிதான் செல்போனில் வாசித்துப் பதிந்து கொடுத்தாள். பாடம் முழுக்க அவனுக்கு அவள் குரலில்தான் மனப்பாடம்.

முதலிலிருந்து அந்த வரியைச் சொன்னான். ஒரு சொல் விடாமல்.

பேனா அசையவில்லை.

விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறை அது. சொல்லி எழுதுகிறவர்களுக்கு எப்போதும் இங்கேதான் இடம். மற்றவர்களுக்குத் தொந்தரவாம். பழைய தோல்பந்துகளின் வாடை. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டது. வாசலோரம் நாற்காலியில் பரீட்சையைக் கண்காணிக்கும் மேடம். அந்தச் சத்தத்தில் அவன் சொல்வது அவருக்குக் கேட்காது. அதனால் தொடங்கும்போதே சொல்லிவிட்டார்.

"நான் இவன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். வாய் அசையாம ஒன் பேனா மட்டும் அசஞ்சுதுன்னு வையி, ரெண்டு பேரும் வெளிய. மூணு வருசப் படிப்பும் போச்சு. கேட்டியா?"

"சரி மேடம்" என்றாள் கனி.

காலையில் கூடப் படிக்கிற மாடக்கண்ணு வாசலில் வைத்துக் கேட்டான். "ஏடே, பட்டம் குடுத்தாம்னா நடுவுல கிழிச்சு ஆளுக்குப் பாதியா வச்சுக்கிடுவியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கனியும் சிரித்தாள். அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது.

அவன் பள்ளியில் தாமதமாகச் சேர்ந்தவன். அதுவரை வீட்டு மூலையும் ரேடியோவும்தான். பன்னிரண்டாம் வகுப்பை அண்ணனும் தங்கையும் ஒன்றாகத்தான் முடித்தார்கள். மார்க் அவளுக்குத்தான் கூட. அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது விதியைச் சொன்னார்கள். எழுதித் தருகிறவர் அவனைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும்.

அதற்கு அம்மா வழி கண்டுபிடித்தாள்.

"மொதல்ல அவன் முடிக்கட்டும்ட்டி. பொறவு நீ படி. காலேஜு எங்க ஓடியா போயிரப் போவுது?"

இன்று பஸ் ஏறும்போதும் அம்மாதான் சொன்னாள். "எம்.ஏ.வுக்கும் நீயே எழுதிரு, என்ன? இன்னும் ரெண்டு வருசந்தான."

கனி பதில் சொல்லவில்லை. பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

பக்கத்தில் அவள் மூச்சு கேட்டது. காத்திருக்கிறாள். திருத்திச் சொல்வான் என்று.

அந்த வரியில் விட்டுப்போன காரணம் எது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அந்தப் பாடத்தை அவள் வாசித்துக் கொடுத்ததில்லை.

வாயை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் பேனா நகர்ந்தது.

தானாக.

ஒரு வரி முடிந்து, அவள் வளையல் மேசை விளிம்பில் தட்டியது. இன்னொரு வரி. இன்னொன்று. அவன் சொன்னதை எழுதும்போது இல்லாத வேகம். தாள் புரண்டது.

இத்தனை பரீட்சையில் அவன் சொல்லாத ஒரு சொல்லை அவள் எழுதியதில்லை.

'நிறுத்து' என்று சொல்ல நாக்கு எழுந்தது. வெளியே அனுப்பிவிட்டால் பட்டம் இல்லை. எம்.ஏ. இல்லை. மறுபடி அந்த வீடு, அந்த மூலை, அந்த ரேடியோ.

நாக்கு அங்கேயே நின்றது.

அவள் என்ன எழுதுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஒருநாளும் தெரியப் போவதில்லை. விடைத்தாளின் தலையில் இருப்பது அவன் எண். நல்ல மார்க் விழுந்தாலும் அவனுக்குத்தான் விழும்.

வாசலில் நாற்காலி இழுபட்டது.

"ஏ தம்பி, என்ன? வாய் அசையக் காணுமே?"

கனிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

அவன் முகத்தை வாசல் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டான். உதடுகளை அசைக்கத் தொடங்கினான்.

குரல் இல்லாமல்.

மேடம் மறுபடி நாற்காலியில் அமரும் ஓசை கேட்டது.

வளையல் மேசையில் தட்டியது. அடுத்த வரி தொடங்கியது. அவள் முடிக்கும்வரை உதடு நின்றுவிடாமல் அவன் பார்த்துக்கொண்டான்.