தடைக்கம்பு எவ்வளவு உயரம்?

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று செவ்வந்திப் பூனைக்குக் கவலை. நாய்கள் தாண்டும் போட்டிக்குத் தடைக்கம்பை எவ்வளவு உயரத்தில் கட்டலாம் என்று அதை நடத்தும் சங்கத்துக்கு யோசனை சொல்ல ஒரு குழு இருந்தது. அதில் சம்பளமில்லாமல் உழைக்கும் மூவரில் அவளும் ஒருத்தி. மற்ற இருவரும் அதே போட்டியில் தாண்டப்போகும் நாய்கள். அதனால் முடிவு சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது.

"கம்பு நெஞ்சளவு இருக்கட்டும், அக்கா. அப்போதுதான் அது போட்டி" என்றான் நெட்டைக்கால் கரியன்.

"என் நெஞ்சளவு என்றால் எனக்கும் சம்மதம்" என்றான் குட்டைக்கால் உருண்டை.

"உன் நெஞ்சு தரையைப் பெருக்குகிறதேடா! அதை எறும்புகூடத் தாண்டும்."

"அக்கா நியாயம் சொல்லட்டும். சொல்லாவிட்டால் துரத்திக் கடிப்பேன்" என்று உருண்டை பல்லைக் காட்டினான்.

"நானும்தான்" என்றான் கரியன். அந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

செவ்வந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று மைதானத்து வேப்பமரத்தில் ஏறினாள். எந்த நாயும் எட்டாத கிளையில் நன்றாக உட்கார்ந்துகொண்ட பிறகுதான் குழுவின் முடிவை அறிவித்தாள்:

"கம்பை இங்கே கட்டுங்கள்."