ஒன்பது லிட்டர் ஓவன்

"அக்கா, வூட்ல எத்தினி பேரு?" என்று கடைக்காரர் நாசர் பாய் கேட்கிறார். "ரெண்டே பேருதான் பாய்," என்கிறாள் அம்மா. அப்பா, அம்மா, நான் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்க்கிறேன். மூன்று வருகிறது. எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டுச் சமையல் மேடையில் அடுப்புக்கும் மிக்ஸிக்கும் நடுவே பதினெட்டு அங்குலம் இடம் இருப்பதை அளந்து நோட்டில் எழுதி, அளவு டேப்பையும் கொண்டு வந்திருக்கிறேன். பதினாறு லிட்டர் ஓவனே அங்கே தாராளமாக உட்காரும். "டேப்ப எடுத்துகினு கடைக்கு வர ஒரே பொண்ணு இவதான்," என்று சிரிக்கும் அம்மா, ஒன்பது லிட்டர் ஓவன்மேல் படிந்த சுரங்கத் தூசியை முந்தானையால் துடைக்கிறாள். சோறு போடும்போது அவள் தன்னை விட்டுவிட்டுத்தான் எண்ணுவாள், இதுவும் அப்படித்தானோ? ஆனால் ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடி அத்தை வந்திருந்தபோது, நான் அடுக்களைக்குள் நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அத்தை ஏதோ ஒரு ஜாதகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே ஷிப்ட் பஸ் போகிறது. கடையின் கண்ணாடிக் கதவு லேசாக அதிர்கிறது. "பெருசாவே வாங்கலாம்மா. ஜூன்ல என் ஈவினிங் கிளாஸ் முடியுதுல்ல, அன்னிக்கு எல்லாருக்கும் நானே கேக் செய்யறேன்," என்று சொல்லிப் பார்க்கிறேன். "அதெல்லாம் அங்க போய்ச் செஞ்சிக்கலாம்டி." "எங்கேம்மா?" துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிடுகிறது. ஓவன் கதவின் கறுப்புக் கண்ணாடியில் அம்மாவின் கண்கள் என்னைப் பார்க்கின்றன. என் பக்கம் திரும்பாமலே, "இந்தச் சின்னதையே கட்டுங்க பாய்," என்கிறாள்.