மையத்தில் போகாத கோடு

கணக்கு டீச்சர் தமயந்தி குளிக்கப் போகையில் கழற்றி வைத்த வளையலை, லாரி ஓட்டும் அவள் கணவன் இசக்கிராஜ் கிராஃப் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தான். டியூஷனில் அவள் சொல்லும் தொலைவு சூத்திரம் அவனுக்குக் காதுவழிப் பாடம். வட்டத்தின் மேல் எதிரெதிரே இரண்டு புள்ளிகள் எடுத்தான். மூன்றின் வர்க்கம், நான்கின் வர்க்கம், கூட்டினால் இருபத்தைந்து, அதன் வர்க்கமூலம் ஐந்து. விட்டம் ஐந்து சென்டிமீட்டர்.

அந்த அளவில் வாங்கிய புது வளையல் கட்டைவிரல் எலும்போடு நின்றுவிட்டது. அவள் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"கணக்கு சரிதாங்க. கோடு மையத்துல போகல. இது விட்டம் இல்ல, நாண்."

"முழு எண்ணா வரட்டும்னு பாத்தேன். மாத்திட்டு வரவா?"

அவள் சோப்பு போட்டு வளையலை உள்ளே தள்ளிக்கொண்டாள்.

மறுநாள் குளிக்கப் போகும்போது எதையும் கழற்றி வைக்கவில்லை.

"கழட்ட வரலையா?"

"கழட்டிப் பாக்கல."